பேயைக் காதலித்த கதைக்கு எத்தனை ஸ்டார்?

மூன்று வருடம் முன்பு போனில் படித்த ஒரு தொடர்கதைக்குக் கீழே "பயமே வரல, ரெண்டு ஸ்டார்" என்று எழுதிவிட்டுப் போய்த் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் கதையை எழுதிய பெண்ணிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது: "பயமுறுத்த எழுதல அக்கா, அவன் அவளை விட்டுப் போற எபில அழுகை வந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க." (எபி என்றால் எபிசோட், தொடரின் ஒரு அத்தியாயம்.) அழுகை வந்தது. ராணிப்பேட்டை பஸ்ஸில், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டினதுகூடத் தெரியாமல் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், பேய் என்ற சொல்லைப் பார்த்ததும் பேய்க்கதைக்கு வைத்திருந்த படியைக் கொண்டுபோய் காதல் கதையை அளந்துவிட்டேன். இட்லிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டு கறி எங்கே என்று சண்டை போட்ட கதைதான்.

அதற்கப்புறம் இந்த மாதிரிக் கதைகளை எப்படிப் படிப்பது, படித்ததைப் பற்றி உருப்படியாக நாலு வரி எழுதுவது எப்படி என்று எனக்கு நானே ஒரு வழி பண்ணிக்கொண்டேன். அலுவலகத்தில் கூட இருக்கும் இரண்டு பெண்கள் கேட்டதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் துண்டு துண்டாகச் சொன்னேன், இது அதையே சேர்த்து எழுதியது. முறைப்படி இலக்கியம் படித்தவள் இல்லை நான், தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். ஆனால் வரவு செலவு இடிக்கும் இடம் எது என்று பார்த்துப் பழகிய கண், கதைக்கும் கொஞ்சம் உதவுகிறது.

முதலில் கையில் இருப்பது என்ன வகை என்று பாருங்கள். ஆங்கிலத்தில் பாராநார்மல் ரொமான்ஸ் என்பதை நம் வாசகிகள் அமானுஷ்யக் காதல் என்கிறார்கள், ஃபேண்டஸி ரொமான்ஸ் என்கிறார்கள், பாதிப் பேர் பேய் லவ் ஸ்டோரி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். காதலிக்கும் இருவரில் ஒருவராவது சாதாரண மனிதர் கிடையாது: ஆவி, வாம்பயர், ஓநாயாக மாறுகிறவன், இச்சாதாரி நாகம், மோகினி, யட்சி, முன்ஜென்ம ஞாபகத்தோடு பிறந்தவள், சாபம் வாங்கிய கந்தர்வன், இப்படி ஏதோ ஒன்று. ரொமான்ஸ் நாவலுக்கு அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் சொல்லும் இலக்கணம் இரண்டே விஷயம்தான். கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். ஆகவே, கடைசியில் இருவரும் சேர்ந்ததை "எதிர்பார்த்ததுதான்" என்று குறையாக எழுதாதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை முன்னாலேயே போட்டுவிட்டார்கள் என்று யாராவது கோபித்துக்கொள்வார்களா? எப்படிச் சேர்ந்தார்கள், என்ன கொடுத்துச் சேர்ந்தார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

வகை பிடிபடவில்லை என்றால் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். காதலை உருவி எடுத்துவிட்டால் கதை நடக்குமா? நடந்தால் அது திகில் கதை, அல்லது மாயாஜாலக் கதை, நடுவில் ஒரு ஜோடி இருக்கிறது, அவ்வளவுதான். பேயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோபக்காரப் பணக்கார முதலாளியை உட்கார வைத்தால் நடக்குமா? நடந்தால் பேய் வெறும் வேஷம், வழக்கமான ஆன்டி ஹீரோ கதைக்கு வெள்ளைப் பவுடர் பூசியிருக்கிறார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் கதை சரிகிறது என்றால் நல்ல சரக்கு மாட்டியிருக்கிறது, போனுக்கு சார்ஜ் போட்டுவிட்டு உட்காருங்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு" என்று என் மாமியார் ஆரம்பத்தில் முகத்தைச் சுளிப்பார். கிருத்திகை தவறாமல் வள்ளிமலைக்குப் போய்வருகிறவர் அவர்! தினைப்புனம் காக்கும் குறத்திப் பெண்ணைப் பார்க்க ஒரு தெய்வம் வேடனாக வருகிறது, அவள் ஆட்கள் வந்ததும் வேங்கை மரமாக நிற்கிறது, அப்புறம் கிழவனாக வந்து பசிக்கிறது என்கிறது, அதுவும் பலிக்காமல் அண்ணனை யானையாக வரச்சொல்லிப் பயமுறுத்தி அணைத்துக்கொள்கிறது. "அத்தை, இதைவிடப் பெரிய அமானுஷ்யக் காதல் எங்கே இருக்கு" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் "அது சாமி, இது பேய்" என்று விட்டுக்கொடுக்கவில்லை. சரி, திருக்குறளுக்கு வருவோம். காமத்துப்பாலின் முதல் குறளே "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ" என்றுதான் ஆரம்பிக்கிறது, எதிரில் நிற்பவள் மனுஷிதானா என்ற சந்தேகத்தில். அதற்கும் முன்னால் சங்கப் பாட்டில் வெறியாட்டு இருக்கிறது: காதலில் மெலிந்துபோன பெண்ணைப் பார்த்து முருகு பிடித்துவிட்டது என்று தாய் பயந்து வேலன் என்கிற முருகன் பூசாரியைக் கூப்பிட்டு ஆட வைப்பாள், நோய் என்ன என்று தோழிக்குத் தெரியும். நற்றிணை 34ஆம் பாட்டில் தோழி நேராக முருகனிடமே சொல்லிவிடுகிறாள், இவள் நோய்க்கு நீ காரணமில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கிறாயே, கடவுளாகவே இருந்தாலும் நீ மடையன்தான், நல்லா இரு என்று. காதலும் அமானுஷ்யமும் உரசிக்கொள்வது நமக்குப் பழக்கப்பட்ட சங்கதி. இந்த வகையைப் பற்றி எழுதும்போது கூச்சப்பட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

இப்போது படிக்கும் முறை. நான் பார்ப்பது மூன்றே இடம். ஒன்று, இருவரும் முதலில் சந்திக்கும் இடம். இரண்டு, அந்த உலகத்தின் விதி எந்த அத்தியாயத்தில் சொல்லப்படுகிறது என்பது. மூன்று, அந்த விதி எங்கே முட்டுகிறது என்பது. போனில் படிப்பதாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட், அச்சுப் புத்தகமாக இருந்தால் பஸ் டிக்கெட்டைச் செருகிவைப்பேன். முதல் சந்திப்பு பெரும்பாலும் எல்லாரும் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் கதையின் உயிர்.

விதி என்று நான் சொல்வது இதுதான். பேய்க்கு என்ன முடியும், என்ன முடியாது? கண்ணாடியில் தெரியுமா, தொட்டால் கை உள்ளே போகுமா, சாப்பிடுமா, யார் கண்ணுக்குத் தெரியும், எதைக் கண்டால் விலகும்? நல்ல எழுத்தாளர் இதைப் பாடம் நடத்துகிற மாதிரி சொல்லாமல் ஒரு காட்சியில் காட்டிவிடுவார். காட்டிய பிறகு அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். என் மாமியார் இப்போது நான் சத்தமாகப் படித்தால் கேட்கிறார் (கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, கேட்காத மாதிரி). ஒருநாள் நடுவில் நிறுத்தி, "இன்னாமா இது, போன வாரம் வெள்ளைச் சட்டைன்ன, இப்ப கறுப்புச் சட்டைன்ற. செத்தவன் எங்க போயி சட்டை மாத்தறான்?" என்றார். நாற்பது எபி படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. கதாநாயகனால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது என்று மூன்றாவது எபியில் எழுதியிருந்தார்கள். பட்டன் மட்டும் எப்படிப் போட்டான்?

விதியை எப்படிக் கையாள்வது என்பதற்கு நம் பக்கத்துக் கதை ஒன்றையே பாடமாக வைத்துக்கொள்ளலாம். அரக்கோணத்துக்குப் பக்கம் திருவாலங்காடு, அதை ஒட்டிய பழையனூர். நீலி கதை எல்லாருக்கும் தெரியும், நீலிக்கண்ணீர் என்று தினமும் சொல்கிறோம். போன பிறவியில் கணவன் கையால் செத்தவள் பேயாகி, இந்தப் பிறவியில் வணிகனாகப் பிறந்து வந்திருப்பவனைத் துரத்துகிறாள். அவன் கையில் ஒரு மந்திர வாள் இருக்கிறது, அது இருக்கும்வரை அவளால் கிட்டே வர முடியாது. இது விதி. சாதாரண எழுத்தாளராக இருந்தால் என்ன செய்திருப்பார்? அமாவாசை இரவில் நீலிக்குத் திடீரென்று சக்தி கூடிவிட்டது, வாளைத் தட்டிவிட்டாள் என்று முடித்திருப்பார். பழைய கதைசொல்லி அப்படிச் செய்யவில்லை. நீலி ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்கு வருகிறாள், இவர் என் கணவர், என்னோடு வரமாட்டேன் என்கிறார் என்று அழுகிறாள். எழுபது வேளாளர்களும் அந்தக் கண்ணீரை நம்பி, அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, வாளை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டு அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவன் செத்ததும் வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். கவனியுங்கள், விதி உடையவே இல்லை. வாளின் சக்தி கடைசிவரை அப்படியே இருக்கிறது. ஒரு பெண்ணின் அழுகையை நம்புகிற மனிதர்களின் இரக்கம் அதைச் சுற்றிப் போய்விட்டது. இது காதல் கதை இல்லைதான், பழிக் கதை. ஆனால் விதியை உடைக்காமல் மனித குணத்தால் சுற்றிப் போவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

காதல் கதையில் இதே விஷயம் இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் விதி ஒரு பக்கம் பிரிக்க, காதல் மறுபக்கம் இழுக்கிறது. யாருடைய கதையையும் இழுத்துப்போட்டு வம்பு வேண்டாம் என்பதால் நானே ஒன்றை இட்டுக்கட்டுகிறேன். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியில் செத்துப்போன ஒரு சிப்பாயின் ஆவி. அவனால் அகழியைத் தாண்ட முடியாது. ஆறாவது எபியில் இதைக் காட்டிவிடுகிறார்கள்: பாலத்தின் பாதிவரை அவளோடு பேசிக்கொண்டு வருகிறவன் சட்டென்று காணாமல் போய், மறுநாள் மதில் மேல்தான் தெரிகிறான். நல்ல காட்சி. முப்பத்தொன்றாவது எபியில் அவளைப் பெண் பார்க்கச் சென்னைக்குக் கூட்டிப்போகிறார்கள், காட்பாடி ஜங்ஷன், பிளாட்பாரத்தில் அவன் நிற்கிறான்.

படிக்கிற நமக்கு நெஞ்சு அடைக்கிறது, அது சரி. அடுத்த பக்கத்தைத் தள்ளுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், எப்படி வந்தான்? மூன்று பதில் இருக்கலாம். எழுதியவர் ஆறாவது எபியை மறந்துவிட்டார். அல்லது, காதலின் சக்தி எல்லாவற்றையும் விடப் பெரியது என்று ஒரு வரி எழுதித் தாண்டிவிட்டார், இதுவும் மறந்ததற்குச் சமம்தான், நான் இதை மன்னிக்கவே மாட்டேன். அல்லது, விலை கொடுத்து வந்தான். மதிலிலிருந்து பெயர்ந்த ஒரு கல் துண்டு அவள் கைப்பையில் இருக்கிறது, அந்தக் கல் இருக்கும் இடம் அவனுக்குக் கோட்டை, ஆனால் அகழியைத் தாண்டுகிற ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஒரு ஞாபகம் போய்விடும். பிளாட்பாரத்தில் நின்று சிரிக்கிறவனுக்குத் தன் அம்மா பெயர் ஞாபகம் இல்லை. இப்போது அவன் வந்து நின்றதற்கு ஒரு எடை வந்துவிட்டது. இன்னும் எத்தனை முறை தாண்டினால் இவளையே மறப்பான் என்று நாமே எண்ண ஆரம்பித்துவிடுவோம். ரிவ்யூவில் எழுத வேண்டியது இந்த இடத்தைப் பற்றித்தான். விதி எது, அது எங்கே முட்டியது, யார் என்ன விலை கொடுத்தார்கள். இதை மட்டும் எழுதினாலே பத்து ஸ்மைலிக்கு மேல்.

இன்னொன்று, அந்த 1806. வரலாற்றிலிருந்து ஒரு ஆவியை எடுத்தால் அவன் எதற்குச் செத்தான் என்பது அவன் உடம்பில் தெரிய வேண்டும். அந்தப் புரட்சிக்குத் தீ மூட்டிய ஆணைகளில் முக்கியமானவை தலைப்பாகைக்குப் பதில் தோல் வைத்த புதுத் தொப்பி, நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது என்பவை. விடியற்காலையில் ஆரம்பித்ததை ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. இதைத் தெரிந்து எழுதியவர் என்றால், அந்தப் பெண் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் இருந்து விபூதியோடு வரும்போது அவன் கண் எங்கே போகிறது என்று எழுதியிருப்பார், வெளியே ஒரு குதிரை வண்டி போனால் அவன் ஏன் நடுங்குகிறான் என்று எழுதியிருப்பார். "வெள்ளையனை எதிர்த்த மாவீரன்" என்று மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரியில் அவன் ஆறடி உயரத்தையும் பரந்த மார்பையும் வர்ணித்தால், தேதி வெறும் தோரணம். இதை ரிவ்யூவில் தைரியமாகச் சொல்லலாம், ஆனால் எந்தக் காட்சியில் அப்படித் தோன்றியது என்று காட்டிச் சொல்லுங்கள்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை மாதம் வேலூரில் மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே போனவர்களுக்குத் தெரியும், இங்கே முழங்கால்வரை கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு திரிய முடியாது, செத்தவனாக இருந்தாலும். ஜவ்வாது மலைப் பங்களாவில் கணப்பு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். எங்கிருந்தோ வந்த கதையின் வாடை அது. சுடுகாட்டை எழுதினாலும் அப்படித்தான், ஒற்றை ஆந்தை, ஒற்றைப் பட்டமரம், ஆளரவம் கிடையாது. மாசி மாதம் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரைக்கு வந்து பாருங்கள், காளி வேஷமும் பம்பைச் சத்தமும், எறிகிற சுண்டலைப் பிடிக்கக் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் கூட்டமும். வருஷத்தில் ஒருநாள் சுடுகாடுதான் ஊரிலேயே கலகலப்பான இடம். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆவி தன் காதலியைத் தேடிக்கொண்டு வந்தால் யார் வேஷம், யார் நிஜம் என்று யாருக்குத் தெரியும்? இப்படி ஒன்றை யாராவது எழுதினால் படித்துவிட்டு இரவு இரண்டு மணிக்கே ரிவ்யூ போடத் தயாராக இருக்கிறேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நமக்குத் தெரிந்த விதிதான் விதி என்று எழுதியவர் மேல் பாயக் கூடாது. "வாம்பயர் வெயிலில் வந்தால் சாம்பலாகிவிடுமே, இதுகூடத் தெரியாதா" என்று நானே ஒரு தடவை கேட்டு மூக்குடைபட்டிருக்கிறேன். 1897இல் வந்த டிராகுலா நாவலில் அந்தப் பிரபு பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார், சக்தி குறைகிறது, அவ்வளவுதான். சூரிய ஒளி பட்டு அழிவதை 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மன் மௌனப் படம் பழக்கிவிட்டது. ஆகவே யாரும் விதியை மாற்றிக்கொள்ளலாம், தான் எழுதிய விதிக்குத் தான் கட்டுப்பட்டால் போதும். வேலூர் வெயிலைத் தாங்குகிற வாம்பயரை உண்டாக்கினால் அதற்கே ஒரு ஸ்டார் கூடப் போடலாம்.

அப்புறம் வசியம். இதைப் பற்றி எழுதாத ரிவ்யூவை நான் பாதி ரிவ்யூ என்றுதான் நினைப்பேன். அமானுஷ்யன் என்றால் மனுஷியை விட பலம் அதிகம், மனதைப் படிக்கிறான், கண்ணைப் பார்த்தால் அவள் தன்னை மறக்கிறாள். அப்படியென்றால் அவள் சொன்ன "சரி" யாருடைய சரி? இடுமருந்து வைத்து மயக்கினான் என்று ஊரில் ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டால் போலீஸில் சொல்லலாமா என்று யோசிக்கிறோம், அதையே ஒரு அழகான கந்தர்வன் செய்தால் ஆஹா என்கிறோம். ஓநாய்க் கதைகளில் வரும் "மேட்" சமாசாரமும் இதில்தான் சேரும், தலைவிதி எழுதிய ஜோடி, வாசனையிலேயே தெரிந்துவிடும், மறுக்க வழி கிடையாது. அதை வைத்துக்கொண்டே நல்ல கதை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவள் வேண்டாம் என்று சொல்ல ஒரு கதவைத் திறந்துவைத்து, அதன் வழியாக அவள் ஒரு முறையாவது வெளியே போய், தானாகத் திரும்பி வருவாள். அந்தக் கதவு கதையில் இருக்கிறதா என்று தேடுங்கள். வயதையும் பாருங்கள். அவனுக்கு முந்நூறு வயது, அவள் பள்ளிக்கூடத்துப் பெண் என்றால் எனக்கு ஒப்பவில்லை, ஒப்பவில்லை என்று எழுதியும் விடுவேன். (வள்ளிமலை யானையைப் பற்றி இப்படியே மாமியாரிடம் கேட்டேன். அன்று ராத்திரி ரசம் கொஞ்சம் காரமாகத்தான் இருந்தது.)

யார் அமானுஷ்யம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண் பேய் என்றால் சோகக் கண், அழகன், மோட்சம் அடைய ஒரு பெண்ணின் காதல் தேவைப்படுகிறது. பெண் பேய் என்றால் மந்திரவாதி, எலுமிச்சம்பழம், புளியமரத்தில் ஆணி. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு, ஒரு மோகினியை ஒருவன் பயத்தோடும் பிரியத்தோடும் வீட்டுக்குக் கூட்டி வந்து அம்மாவுக்கு அறிமுகப்படுத்துகிற கதை கண்ணில் பட்டால் உடனே எனக்குச் சொல்லுங்கள்.

சரி, எழுத உட்காரும்போது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டார் போடாதீர்கள், கருத்து மட்டும் எழுதுங்கள். பாதி வெந்த சோற்றுக்கு உப்பு பார்க்கலாம், மார்க் போடக் கூடாது. வரிசைக் கதை என்றால் முதல் பாகத்திலிருந்து படித்தீர்களா என்று சொல்லிவிடுங்கள், நாலாம் பாகத்தில் குதித்துவிட்டு யார் யார் என்றே புரியவில்லை என்பது எழுதியவர் குற்றம் ஆகாது. முடித்த அன்றே எழுதாமல் ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் குக்கர் விசில் எண்ணும்போது எந்தக் காட்சி தானாக ஞாபகம் வருகிறதோ அதில் ஆரம்பியுங்கள். கதைச்சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். நான் இட்டுக்கட்டிய சிப்பாய்க் கதைக்கே எழுதிக் காட்டுகிறேன். முதலில் பழைய நான் எழுதியிருப்பது:

"சூப்பர் ஸ்டோரி சிஸ். ஹீரோ செம. கடைசி வரைக்கும் விறுவிறுப்பு. கல்லை ஆத்துல போட்டது எதிர்பார்க்கல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வாழ்த்துகள்."

அன்பு இருக்கிறது, ஆனால் இதை எந்தக் கதைக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத ஒரே வரி கல்லைப் பற்றியது, அதுவும் கதையின் முடிச்சைப் போட்டு உடைத்துவிட்டது. இப்போது எழுதுவது:

"கோட்டை அகழியைத் தாண்ட முடியாத ஒரு சிப்பாயின் ஆவியும், தினமும் ஐந்தரை மணிக்கு அதைத் தாண்டி வீட்டுக்குப் போகும் ஒரு பெண்ணும். தாண்டுவதற்கு அவன் கொடுக்கும் விலை என்ன என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு சந்திப்பையும் பயத்தோடுதான் படித்தேன், இன்னும் ஒரு முறை வந்துவிடாதே என்று. காட்பாடிக் காட்சி எனக்குப் பிடித்த இடம். ஆனால் அவள் அவனை நேசிக்க ஆரம்பிக்கும் இடம் அவசரமாக இருக்கிறது, மூன்றாவது சந்திப்பிலேயே உயிரைக் கொடுக்கத் தயார் என்கிறாள். கோட்டைக்குள் நடக்கும் பகுதிகளில் கல்லின் சூடுகூடத் தெரிகிறது, சென்னையில் நடப்பவை எந்த ஊரிலும் நடக்கலாம். ரத்தம், தூக்குத் தண்டனை பற்றிய வர்ணனை இரண்டு எபியில் வருகிறது, தாங்காதவர்கள் பார்த்துப் படியுங்கள்."

இதிலும் நிறையக் குறை சொல்லியிருக்கிறேன், ஆனால் எழுதியவர் எங்கே போய்த் திருத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம், படிக்கப்போகிறவர் இது தனக்கானதா என்று முடிவு செய்யலாம். முடிச்சையும் உடைக்கவில்லை. உடைத்துத்தான் பேச வேண்டும் என்றால் மேலே "முடிவைப் பற்றிப் பேசுகிறேன்" என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பத்து வரி இடம் விட்டு எழுதுங்கள். சின்ன வயதில் பழைய பேப்பர் கடையிலிருந்து அம்மா வாங்கி வந்த மாத நாவல் ஒன்றில் கடைசி எட்டுப் பக்கம் கிடையாது, அந்த மறுபிறவிக்காரி யாரைக் கட்டினாள் என்று அம்மா இன்றும் சிலசமயம் கேட்பார். முடிவு தெரியாத வேதனை பெரிது, ஆனால் முடிவை வேறொருவர் வாயால் கேட்டுக்கொள்வது அதைவிட மோசம்.

ஸ்டார் கணக்கு என்னுடையது எளிது. ஒன்று, படிக்க முடியவில்லை. இரண்டு, விதி உடைந்தது, காதலும் ஒட்டவில்லை. மூன்று, இரண்டில் ஒன்று தேறியது. நாலு, இரண்டும். ஐந்து என்பது மறுபடி படித்த கதைக்கு மட்டும். எழுத்துப்பிழைக்கு நான் மார்க் குறைப்பதில்லை, தனியாக ஒரு செய்தி அனுப்பிவிடுவேன், ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் போனில் தட்டச்சு செய்கிற பெண்கள்தான் பாதிப் பேர். அவர்களிடம் "வீட்டில் வேலை இல்லையா", "புருஷன் ஒன்றும் சொல்ல மாட்டாரா" என்று கேட்பது விமர்சனம் இல்லை, வம்பு. அதே சமயம் எல்லாரும் பாராட்டுகிறார்கள் என்பதற்காக நீங்களும் தலையாட்ட வேண்டாம். உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்கிறவனை அலகையாக, அதாவது பேயாக வைத்துவிடுவார்கள் என்று 850ஆம் குறள் சொல்கிறது, இந்த வகைக் கதைகளைப் படிக்கிற நமக்கு அது அப்படியொன்றும் கெட்ட பெயரில்லை.

அந்த ரெண்டு ஸ்டார் கதையைப் போன மாதம் மறுபடி படித்தேன். பழைய வரியை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "இருபத்தி நாலாவது எபியில் அவன் போகும்போது கதவைத் திறந்துகொண்டு போகிறான், அதுவரை சுவரில் நுழைந்து போனவன். ஒரு மனுஷனாகப் போக நினைத்தான் என்று புரிய எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது, பஸ்ஸில் அழுதேன். நாலு ஸ்டார் போட்டிருப்பேன், ஆனால் கதாநாயகியின் அம்மா பன்னிரண்டாவது எபியில் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனவர் கதை முடியும்வரை திரும்பி வரவே இல்லை. மூன்று."

அன்று சாயந்திரமே பதில் வந்தது. "ஐயோ அக்கா, அம்மாவை மறந்தே போயிட்டேன்."